என் கை ஒட்டிக்கொண்டதாம்

ஈப்போவில், புந்தோங் பாசார் சந்தைக்கு எதிரே சாலையைக் கடக்க வேண்டும். காலை நேரம். கச்சான் கடலை வறுக்கும் வாசனை அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கம் பள்ளி வேன், அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள்கள், நடுவில் ரொட்டி வாங்கும் அவசரத்தில் உலகத்தையே மறந்துவிட்ட ஒரு கார். வழக்கம்போலப் பேத்தியின் பக்கம் கையை நீட்டினேன்.

கை வரவில்லை.

திரும்பிப் பார்த்தால், ரூபினி தன் இரண்டு கைகளையும் பள்ளிப்பையின் வாருக்குள் நுழைத்துப் பூட்டி வைத்திருக்கிறாள்.

“கையக் குடு கண்ணு, வண்டி வருது.”

“வேணாம் அப்பாயி. நான் உங்க கைலிய புடிச்சிக்கிறேன்.”

“கைலிய புடிச்சி இழுத்தியன்னா நடுரோட்ல என் மானம் போயிரும்லா. ஏன், என் கைக்கு என்னா?”

“ஒட்டிக்கும்.”

“என்னா ஒட்டிக்கும்?”

“உங்க கையெழுத்து.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அப்போது மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளை, டாக்டர் சொன்ன செய்தியைப் போல அதைச் சொன்னாள். கைலியின் ஓரத்தை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். நான் இடுப்பு முடிச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

பாதிக் கதை இப்போதே

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் எழுதுகிறவள் இல்லை. கைப்பேசியிடம் பேசுகிறேன். அது எழுதிக்கொள்கிறது. பத்திரிகையில் இருக்கும் ஒரு பெண் அதைத் துவைத்துக் காயப்போட்டு உங்களிடம் கொடுக்கிறாள். போன வாரம் என் பல்செட்டைப் பற்றிச் சொன்னேன். இந்த வாரம் கை. மிச்சம் இருக்கும் உறுப்புகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டால், போகும்போது பாரம் குறைவாக இருக்கும்.

ரூபினியின் கையெழுத்து இப்போது அழகாகிவிட்டதா என்று கேட்டு யாரும் பத்திரிகைக்கு எழுத வேண்டாம். அழகாகவில்லை. ஆனால் படிக்க முடிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதுவும் முடியாது.

அப்போது அவள் எழுத்துகள் கோட்டின் மேல் உட்காரவே உட்காராது. சில பறக்கும், சில தொங்கும். ‘ண’ எழுத ஆரம்பித்தால் சுழித்துக்கொண்டே போய் அடுத்த சொல்லின் வீட்டுக்குள் நுழைந்துவிடும். பென்சிலை அவள் அழுத்துகிற அழுத்தில் பின்பக்கத் தாளிலும் பாடம் பதிந்திருக்கும். ஒரு பக்கம் எழுதினால் இரண்டு பக்கம் லாபம்.

அவள் வகுப்பு டீச்சர் சின்னப் பெண். என் மருமகள் சுகந்தியையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்.

“வீட்ல நாற்காலி உயரமா இருக்கும்போல, அக்கா. கால் தொங்கிக்கிட்டே எழுதுறா. பாதம் தரையில படணும். பென்சில ரொம்ப இறுக்கிப் புடிக்கிறா, கொஞ்சம் தளர்த்திப் புடிக்கச் சொல்லுங்க. தினம் நாலு வரி, அவசரப்படாம எழுதட்டும். சரியாயிரும்.”

இதற்கு அவள் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அதனால் சுகந்திக்கு நம்பிக்கை வரவில்லை.

குளிர்சாதன வைத்தியம்

என் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பெண். அரசாங்க அலுவலகத்தில் வேலை. அவர்கள் யாழ்ப்பாணத்து வழி. அந்தக் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் முதலில் ஆணா பெண்ணா என்று பார்த்து, இரண்டாவதாக டாக்டரா வக்கீலா என்று பார்ப்பார்கள். நாங்கள் தோட்டத்து ஆட்கள். எங்களில் பிள்ளை பிறந்தால் அழுகிறதா என்று பார்ப்போம், அவ்வளவுதான். என் மகன் குமரன் எப்படியோ அங்கே போய்ப் பெண் எடுத்துவிட்டான். கல்யாணத்தன்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒரே மண்டபத்தில் இரண்டு தனித்தனிக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

டீச்சர் சொன்ன இலவச யோசனையை ஓரமாக வைத்துவிட்டு, சுகந்தி வைத்தியத்தை ஆரம்பித்தாள். பென்சிலில் மாட்டும் ரப்பர் மீன் வந்தது. மீனின் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டு எழுத வேண்டுமாம். விரலுக்கு வலு வர ஒரு பஞ்சுப் பந்து வந்தது. அதை நாய் எடுத்துப் போனது. இப்போது அந்த நாய்க்கு வாய் வலு அதிகம்.

பிறகு ஈப்போ டவுன் பக்கம், கடைவீட்டு மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு வகுப்பு. கையெழுத்துக்கு மட்டும். உள்ளே அப்படி ஒரு குளிர். பிள்ளைகள் எல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, புள்ளி புள்ளியாக அச்சடித்த எழுத்துகளின் மேல் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புள்ளி இருக்கும்வரை ரூபினியின் எழுத்து ராஜா மாதிரி இருக்கும். புள்ளி முடிந்த இடத்தில் மறுபடியும் பறக்கும்.

நாற்காலி மட்டும் அதே உயரத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு பால்டின்னைக் கவிழ்த்துக் கால் வைக்கச் சொன்னேன். வீட்டின் அழகு கெட்டுவிடும் என்று எடுத்துவிட்டார்கள்.

அரிசித் தட்டில் நடந்தது

என் மகனுக்கு வாய் இருக்கிறதே, அது மூளைக்கு அரை மைல் முன்னால் ஓடும். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சுகந்தி எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பெருமூச்சு விட்டபோது, இவன் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

“வேற எப்படி வரும்? ஏடு தொடங்குறப்ப கையப் புடிச்சது எங்கம்மாதானே.”

விளையாட்டுக்குத்தான் சொன்னான். சுகந்தி மெதுவாக என் கையைப் பார்த்தாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். விஜயதசமி அன்று சின்னப் பிள்ளையைக் கோவிலுக்குக் கூட்டிப்போய், தட்டில் பச்சரிசியைப் பரப்பி, பெரியவர் ஒருவரைக் கொண்டு அதன் விரலைப் பிடித்து முதல் எழுத்து எழுத வைப்பார்கள். விரலைப் பிடிக்கிறவர் கையும் படிப்பும் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் ஆளைப் பார்த்துத்தான் பிடிக்க விடுவார்கள்.

ரூபினிக்கு ஆளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. சுகந்தியின் அப்பா இருந்தார். என் சம்பந்தி. அரசாங்கத்தில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து அப்படி ஒரு கையெழுத்து. கல்யாணப் பத்திரிகை உறையின் மேல் எல்லா முகவரியும் அவரே எழுதினார். எங்கள் சொந்தத்தில் சிலர் பத்திரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு உறையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அன்று கோவிலில் கூட்டம். நாங்கள் முன்வரிசைக்கு வந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு கார் நம்பரை வாசித்தார்கள். யாரோ பின்னால் மாட்டிக்கொண்டு ஹார்ன் அடிக்கிறார்களாம். நம்பர் சம்பந்தியுடையது. அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சுகந்தி அர்ச்சனைச் சீட்டு வாங்கும் வரிசையில் இருந்தாள். குமரன் படம் எடுக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தான். குருக்களுக்கு எதிரே, எங்களுக்குப் பின்னால், இன்னும் ஒரு பட்டாளம் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள்.

“யார் பிடிக்கிறது? சீக்கிரம் உட்காருங்கோ,” என்றார் அவர்.

நான் உட்கார்ந்தேன். அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்தேன். பிஞ்சு விரல், ஈரமாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ‘அ’ போட்டோம். அது கொஞ்சம் படுத்துக்கொண்ட ‘அ’. அவள் சந்தோஷமாக அரிசியை அள்ளி வாயில் போட்டாள். சம்பந்தி கார் சாவியோடு மூச்சிரைக்க வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. நல்ல மனிதர், “பரவாயில்லை” என்றார். அவர்கள் பரவாயில்லை என்று சொன்னால் எழுதி வைத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் பிடித்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குப் பிறகு எத்தனை டீச்சர், எத்தனை புத்தகம், ஒரு ரப்பர் மீன், ஒரு குளிர்சாதனம். இத்தனையையும் தோற்கடித்து என் கை நிற்கிறது என்றால், நான் அமைச்சராகியிருக்க வேண்டிய ஆள்.

மேசையில் இதை நான் சொல்லவில்லை. வேறு ஒன்று கேட்டேன்.

“ஏம்மா சுகந்தி, உங்க பெரியண்ணன் டாக்டர்தானே. அவரு கைய யாரு புடிச்சா?”

“அப்பாதான், மாமி.”

“அவரு எழுதிக் குடுத்த மருந்துச் சீட்ட மருந்துக்கடைப் பொண்ணு தலைகீழாப் புடிச்சி வாசிச்சிச்சே, அது யாரு கையி?”

குமரன் தண்ணீர் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டான். சுகந்தி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். மேசையில் இன்னொரு ஆள் சோற்றைப் பிசைந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அடுத்த நாள்தான் நான் முதலில் சொன்ன அந்தச் சாலை. அதற்குப் பிறகு தலை பின்னவும் என்னிடம் வரவில்லை. ஒரு பக்கம் ஏற்றமும் ஒரு பக்கம் இறக்கமுமாகத் தானே பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் வீட்டுப்பாடம் எழுதுவதையும் விட்டுவிட்டாள்.

“ஏன்டி எழுதல?”

“எழுதி என்னா அப்பாயி? எப்படி எழுதுனாலும் உங்க கைதானே வரும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சமாதானமாகச் சொன்னாள்.

கையின் பூர்வீகம்

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். சிலேட்டில் எழுதி எச்சிலால் அழிப்போம். என் சிலேட்டில் எழுத்தைவிட எச்சில் அதிகம். பிறகு என் தம்பி பிறந்தான், அம்மா வேலைக்குப் போக வேண்டும், நான் தொட்டிலை ஆட்ட வேண்டும். அத்தோடு என் கல்வி பூர்த்தியானது. பட்டமளிப்பு விழா எதுவும் நடக்கவில்லை.

பெரியவளானதும் ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்குப் போனேன். மரத்தில் கோடு போடுவதில் எனக்கு நிகர் நான்தான் என்று சொல்லத்தான் ஆசை. உண்மை அதுவும் இல்லை. கங்காணி என் மரங்களைப் பார்த்து, “பூனை கீறிட்டுப் போயிருக்கா?” என்று கேட்பார். ஆக, என் கை காகிதத்திலும் கோணல், மரத்திலும் கோணல். மாறுபாடே கிடையாது.

பேங்கில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பெண் கணினியைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். “போன வாட்டி போட்ட மாதிரி இல்லையே, ஆண்டி.” போன வாட்டி போட்டவளும் நான்தான். அன்றைக்கு வேறு மனநிலை.

ஆனால் ஒன்று. தோசை மாவை உப்புப் போட்டுக் கரைக்க மட்டும் இந்த வீட்டில் என் கைதான் வேண்டும். “மாமி கரைச்சாத்தான் நல்லாப் பொங்குது,” என்பாள் சுகந்தி. கறிவேப்பிலை நட வேண்டுமா, அதற்கும் என் கை. மாவு பொங்கும், செடி தழைக்கும், எழுத்து மட்டும் படுத்துக்கொள்ளும். ஒரே கைக்குள் இத்தனை இலாகா இருப்பது எனக்கே தெரியாது.

நல்ல கை தேடி

சுகந்தி ஒரு முடிவுக்கு வந்தாள். மறுபடியும் ஏடு தொடங்க வேண்டும், இந்த முறை சரியான கையோடு. விஜயதசமி வரை காத்திருக்க முடியாது. குருக்களிடம் தொலைபேசியில் கேட்டாள். வீட்டிலேயே ஒரு புதன்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றாராம்.

“படிச்ச பொண்ணு. இத நீ நம்புறியாலா?” என்று கேட்டேன்.

“நான் நம்புறது இருக்கட்டும், மாமி. அவ நம்பிட்டா. எழுத மாட்டேங்குறா. இதையும் செஞ்சி பாத்துருவோமே.”

ரூபினி மறுபடியும் எழுதினால் போதும் என்ற இடத்துக்கு நானும் வந்திருந்தேன். என் கையை அழித்துவிட்டு வேறு கை போடுவதென்றாலும் சரி.

ஆனால் சம்பந்தி பிடிகொடுக்கவில்லை. முதல் புதன் முதுகுவலி என்றார். அடுத்த புதன் ஒரு நண்பரைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கடுத்த புதன், “பிள்ளைக்கு இப்ப என்ன அவசரம்?” என்றார். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மனிதருக்குக் கர்வம். முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தால் டம்ளர் நிறைய டீ குடிப்பார். கொஞ்ச நாளாக, “பாதி போதும், பாதி போதும்” என்பார். நம் வீட்டு டீ சம்பந்திக்கு இறங்கவில்லை போல என்று நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ரூபினியே போன் போட்டாள். “அம்மப்பா, நீங்க வந்தாத்தான் எனக்குக் கை மாறும்.” அதற்கு மேல் அவரால் தட்ட முடியவில்லை.

அந்தப் புதன்கிழமை

கூடத்தில் விளக்கு ஏற்றிப் பாய் விரித்தார்கள். எவர்சில்வர் தட்டில் பச்சரிசி. என்னைத் தட்டிலிருந்து தள்ளி உட்கார வைத்தார்கள். காற்றில் பரவினாலும் பரவும் என்று பயமோ என்னவோ. குமரன் இந்த முறையும் படம் எடுக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பந்தி புதுச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். முகம் வேர்த்திருந்தது. ரூபினி அவருக்கு முன்னால் கால்மடக்கி உட்கார்ந்து, விரலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அந்த விரலைப் பிடித்து அரிசியின் மேல் வைத்தார்.

அரிசி கிலுகிலுவென்று சத்தம் போட்டது.

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் கை நடுங்கியது. அதோடு அவள் விரலும் நடுங்கியது. தட்டின் ஓரத்தில் மணிகள் துள்ளின.

“அம்மப்பா, கைய ஆட்டாதீங்க.”

“நான் ஆட்டேல்லை பிள்ளை. அது ஆடுது.”

சுகந்தி விளக்குப் பக்கத்திலிருந்து நிமிர்ந்தாள். “அப்பா?”

“கொஞ்ச காலமா இப்படித்தான்.”

“ஏன் சொல்லலப்பா?”

“சொன்னா கார் சாவிய வாங்கிப்போடுவாய்.”

சிரிக்கக்கூடாத இடம். நான் சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். பாதி டம்ளர் டீ எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறைய ஊற்றினால் சிந்தும். அவர் கர்வத்தைப் பற்றி நான் மனதுக்குள் பேசிய பேச்செல்லாம் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்துகொண்டது.

ரூபினி கண்ணைத் திறந்திருந்தாள். தன் விரலை மெதுவாக வெளியே எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அம்மா, அப்ப இதுவும் எனக்கு ஒட்டிக்குமா?”

பிள்ளை தப்பாக எதுவும் கேட்கவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் கேட்டது. சம்பந்தி தன் கையை இன்னொரு கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு பாயையே பார்த்தார். ஒரு நாளும் தலை குனியாத மனிதர்.

சுகந்தியால் அதைப் பார்க்க முடியவில்லை. “ஒட்டாதும்மா,” என்றாள். “யாரு கையும் யாருக்கும் ஒட்டாது.”

“அப்ப, அப்பாயி கை?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மருமகளுக்கு நான் எடுத்துக்கொடுத்திருக்கலாம். ஆனால் இப்படி ஒரு சந்தர்ப்பம் ஆயுளில் ஒரு தடவைதான் வரும்.

“என்னாம்மா கேட்டா? எனக்குச் சரியா காது கேக்கல,” என்றேன்.

“அப்பாயி கையும் ஒட்டாது,” என்றாள் சுகந்தி, கொஞ்சம் சத்தமாகவே. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்.

ரூபினி யோசித்தாள். “அப்ப அசிங்கமா எழுதுறது நானா?”

குமரன் படம் எடுப்பதில் மும்முரமானான். இந்த மாதிரி வேலையெல்லாம் எனக்கென்று விட்டு வைத்திருப்பார்கள்.

“நீதான்லா. வேற யாரு?”

அழுவாள் என்று நினைத்தேன். கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள், மறுபடியும் புறங்கையைப் பார்த்தாள், கடையில் வாங்கிய சாமானைப் பார்ப்பது மாதிரி.

“அப்பன்னா மாத்திக்கலாம்,” என்றாள்.

அரிசியைத் தட்டிச் சமமாக்கினாள். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, யாரும் பிடிக்காமல், ஒரு ‘அ’ போட்டாள். தலை பெரிசு, வால் சிறிசு. ஆனால் படுத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்றது.

“வடிவா இருக்கு பிள்ளை,” என்றார் சம்பந்தி. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அவள் அழித்து அழித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். விளக்கில் எண்ணெய் குறைந்தது. சுகந்தி அவள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எந்த டாக்டர், எந்த மருந்து என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ரூபினி எழுந்திருக்கப் பார்த்து, தொப்பென்று மறுபடியும் பாயில் உட்கார்ந்தாள்.

“கால் மரத்துப்போச்சி. தூக்குங்க.”

இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒன்றை அவர் பக்கம், ஒன்றை என் பக்கம். நானும் சம்பந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கை ஆடியது, என் கை காப்புக் காய்த்திருந்தது. இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இழுத்தோம். எழுந்து நின்று, பிடியை விடாமலே, ஒவ்வொரு காலாக உதறினாள்.